அடுத்த தொற்று வந்தால் ஸ்டாஃப் ரூம் தாங்குமா? பள்ளி ஊழியர் மனநலத் திட்டம் – குறை சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை_ஹெச்எம்

உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. ஊழியர் 52 பேர்: ஆசிரியர் 38, அலுவலகம் 4, ஆய்வக உதவியாளர் 1, சத்துணவு 3, தூய்மை 4, காவலர் 2. தொற்றுக்கால ஏற்பாட்டுத் திட்டம் ஒன்று எழுதித் தரச் சொல்லி நிர்வாகக் குழு கேட்கிறது. மாஸ்க், சானிடைசர், தெர்மாமீட்டர் பக்கங்கள் 2020-லேயே எழுதியாகிவிட்டது. "ஊழியர் மனநலம்" என்ற தலைப்புக்குக் கீழே என் வரைவில் மூன்றே வரிதான் இருக்கிறது:

1. சனிக்கிழமைதோறும் யோகா.
2. ஆலோசகரை அழைத்து அரைநாள் கூட்டம். அனைவரும் மனம் திறந்து பேச வேண்டும்.
3. மன அழுத்த வினாப்பட்டியலை அனைவரும் பெயருடன் கூகுள் ஃபார்மில் கட்டாயம் நிரப்ப வேண்டும். விவரம் தலைமையாசிரியர் பார்வைக்கு.

தாட்சண்யம் வேண்டாம், கிழித்துப் போடுங்கள்.

சாக்பீஸ்

மேடம், யோகா இருக்கட்டும். உங்க பள்ளி வாட்ஸாப் குரூப்பைத் திறந்து ராத்திரி பத்து மணிக்கு மேல வந்த மெசேஜ் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

தொற்றுக் காலத்துல ஆசிரியரை உலுக்குறது வேலைப் பளு மட்டும் இல்ல. நாளைக்கு என்ன வேலைன்னு இன்னைக்குத் தெரியாம இருக்குறதுதான். 2021-ஐ மட்டும் எடுத்துக்குங்க. ஜனவரி 19-ல 10, 12 வகுப்பு திறந்தது. பிப்ரவரி 8-ல 9, 11. மார்ச் 22-லிருந்து 9, 10, 11-க்கு மறுபடி விடுமுறை. ஏப்ரல் 6 தேர்தல் பணி. ஜூன் 5-ல பிளஸ் டூ தேர்வு ரத்து. அப்புறம் பத்தாம் வகுப்புல 50, பிளஸ் ஒன்னுல 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுல 30 சதவீதம்னு மதிப்பெண் கூட்டுற வேலை. செப்டம்பர் 1, நவம்பர் 1-ன்னு ரெண்டு தவணையில மறுபடி திறப்பு. இதோட 2020-லேயே தொடங்கின அகவிலைப்படி நிறுத்தம், சரண்டர் (ஈட்டிய விடுப்பைக் காசாக்குறது) நிறுத்தம், ஓய்வு வயசு 58-லிருந்து 59, அப்புறம் 60. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருந்திருக்கலாம். ஆனா மனசுக்கு அது ஒவ்வொண்ணும் தரை நகர்ற மாதிரி.

இந்த நகர்வையெல்லாம் பள்ளி தடுக்க முடியாது. அது எப்படி வந்து சேருதுங்கறதை மாத்தலாம். இப்ப எப்படி வருதுன்னு பாருங்க. காலை 7.10-க்கு மாலை போட்ட படத்தோட "கண்ணீர் அஞ்சலி". 7.12-க்கு "ஈமிஸ் வருகைப்பதிவு 10 மணிக்குள் முடிக்கவும்". அதுக்குக் கீழே வரிசையா "ஆழ்ந்த இரங்கல்". நடுவுல ஒருத்தர் "நோட்டட் சார்". அது எதுக்கான நோட்டட்னு போட்டவருக்கே தெரியாது.

செய்ய வேண்டியது: குரூப்பை ரெண்டாப் பிரிங்க. பணிக் குரூப்ல அட்மின் மட்டும் எழுதுற மாதிரி செட்டிங் வைங்க. காலை 8.30, மாலை 4.30, இந்த ரெண்டு வேளைதான் மெசேஜ். ராத்திரி வந்த மேலிட உத்தரவு காலையில போனா குடி முழுகிடாது. விடிஞ்சதும் ஆள் தேவைன்னா அந்த ஆளுக்கு மட்டும் போன் போடுங்க, ஐம்பது பேரையும் எழுப்ப வேண்டாம். பி.டி.எஃப்.-ஐ அப்படியே தள்ளி விடாதீங்க. யார், எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சிக்கல்னா யாரைக் கூப்பிடணும் — நாலு வரி.

தெரியாததையும் எழுதுங்க: "9-ஆம் வகுப்பு பற்றி உத்தரவு வரவில்லை. புதன் 4.30-க்கு மறுபடி எழுதுகிறேன்." புதன்கிழமை சொல்ல ஒண்ணுமே இல்லாட்டியும் 4.30-க்கு "இன்னும் இல்லை"ன்னு எழுதியே ஆகணும். அதை ஒரு தடவை விட்டா டீக்கடை வதந்தி அந்த இடத்துல உட்கார்ந்துடும்.

ஓ.பி.சீட்டு

சாக்பீஸ் சொன்னது முதல் வேலை. நான் 2, 3-ஆம் வரிகளுக்கு வருகிறேன்.

இரண்டாவது வரியை அடித்துவிடுங்கள். நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போது எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததை மறுபடி விவரிக்கச் சொல்லும் ஒருநாள் கூட்டத்தால் பலன் இல்லை. சிலருக்குக் கெடுதலும் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே அதைப் பரிந்துரைக்கவில்லை. ஹெச்.எம். முன்னால், பதவி உயர்வுக்குப் போட்டியிடும் சகாக்கள் முன்னால் யார் மனம் திறப்பார்? திறந்தவர் மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையக் கூசுவார். அதற்குப் பதில் உளவியல் முதலுதவி: பார், கேள், இணை. யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்ப்பது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்பது. தேவையான இடத்தோடு இணைத்துவிடுவது. இணைப்பது என்றால் ஆஸ்பத்திரி மட்டுமல்ல. வீட்டில் தனிமைப்படுத்தலில் இருப்பவருக்கு மருந்து வாங்கித் தர ஓர் ஆள் ஏற்பாடு செய்வதும் இதில்தான் சேரும். மூன்று, நான்கு பேருக்கு இந்தப் பயிற்சி இருந்தால் போதும். அதில் ஒருவராவது ஆசிரியர் அல்லாத ஊழியராக இருக்கட்டும்.

மூன்றாவது வரியை அப்படியே விட்டால் ஆபத்து. நீங்கள் நினைப்பது பி.ஹெச்.க்யூ.-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியல் என்றால் அதில் 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தைப் பற்றிக் கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் லேசான அளவு, 10 மிதம், 15 சற்றே கடுமை, 20 கடுமை. 10 தொட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கம். இது சலிக்கும் சல்லடைதான். நோய்க்குப் பெயர் வைக்கும் கருவி இல்லை.

தொற்றுக் காலத்தில் இது எங்கே வழுக்கும் என்றால், 3, 4, 5-ஆம் கேள்விகளில். தூக்கம், சோர்வு, பசி. காய்ச்சலிலிருந்து எழுந்த எவருக்கும் இந்த மூன்றும் ஏறியிருக்கும். மனச்சோர்வே இல்லாமல் 9 மதிப்பெண் இங்கேயே வந்துவிடலாம். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் 1, 2, 6-ஐத் தனியாகப் பாருங்கள்: ஆர்வமின்மை, மனத்தாழ்வு, தன்னையே குறைத்து எண்ணுவது. அவை ஏறியிருந்தால் அது காய்ச்சலின் அசதி மட்டும் இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பரிசோதனையும் கூடவே நடக்கட்டும். ரத்தசோகையை "டிப்ரஷன்" என்று சுமந்து திரிபவர்கள் உண்டு.

பெயர் போட்டு ஹெச்.எம். பார்வைக்கு என்றால் எல்லோரும் 0, 0, 1 என்று நிரப்பித் தருவார்கள். நிம்மதியான ஒரு பொய் அட்டவணை கிடைக்கும். தாளாகக் கொடுங்கள்; அவர்களே கூட்டிப் பார்த்து அவர்களே வைத்துக்கொள்ளட்டும். திருப்பி வாங்காதீர்கள். எந்த மதிப்பெண்ணுக்கு எங்கே போவது என்பது அதே தாளின் பின்பக்கத்தில்.

தண்டையார்பேட்டை_ஹெச்எம்

திருப்பி வாங்காவிட்டால், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற 9-ஆவது கேள்விக்கு "ஆம்" போட்டவர் யார் என்று தெரியாமல் போய்விடுமே? அந்தப் பயத்தில்தான் பெயர் கேட்டேன்.

ஓ.பி.சீட்டு

நியாயமான பயம். ஆனால் ஃபார்மை வாங்கி வைத்து, அதை மூன்று நாள் கழித்துத் திறந்து பார்ப்பதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. அந்தக் கேள்வியைப் பெயரோடு கேட்டால் அன்றைக்கே பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்காதீர்கள்.

தாளை நம்பாமல் ஆளைப் பாருங்கள். எப்போதும் முதல் ஆளாக வருபவர் வாரம் இரண்டு நாள் தாமதம். திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் வீட்டுக்குப் போகிறது. "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று சிரித்துக்கொண்டே ஒரு பேச்சு. இவற்றில் இரண்டு சேர்ந்தால் தனியாகக் கூப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள்: "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பூசி மெழுகிக் கேட்டால் பூசி மெழுகிய பதில்தான் வரும். "ஆமாம்" என்றால் தனியே விடாமல், வீட்டில் ஒருவருக்கு அவர் சம்மதத்தோடு தகவல் சொல்லி, அன்றைக்கே கூட ஒருவர் போக வேண்டும்.

மனநலச் செவிலி

எங்கே போவது என்பதற்கு: தண்டையார்பேட்டைக்குப் பக்கம் ஸ்டான்லி. மனநலப் பிரிவு அங்கேயே இருக்கிறது. புறநோயாளிப் பிரிவு காலையில். ராத்திரி அவசரம் என்றால் கேஷுவாலிட்டி. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, கே.எம்.சி. (கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. இதைச் சொல்லக் காரணம், சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லே வசவாகிப் போனது. அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது, நல்ல வைத்தியம் நடக்கிற இடம். ஆனாலும் அந்த வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று தயங்குபவருக்குப் பொது மருத்துவமனையின் ஓ.பி. வரிசை சுலபம்.

போன் எண்கள் நான்கு போதும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: 24 மணி நேரம், இலவசம், தமிழில் பேசலாம். மாநிலச் சுகாதார உதவி எண் 104. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா 044-24640050. மத்திய கல்வி அமைச்சகத்தின் மனோதர்ப்பண் 8448440632, இது மாணவர், பெற்றோரோடு ஆசிரியருக்கும் சேர்த்து 2020 ஜூலையில் தொடங்கியது. திட்டத்தில் ஏற்றும் முன் நான்கையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். சுவரில் ஒட்டிய எண் வேலை செய்யவில்லை என்றால், அழைத்தவர் இரண்டாவது முறை வேறெங்கும் முயற்சி செய்யமாட்டார்.

குழம்புக்கரண்டி

இவ்ளோ நேரமா ஆசிரியர் ஆசிரியர்னே போகுது. 52-ல மீதி 14 பேரு?

பள்ளி மூடிக் கிடந்தப்பவும் வாட்ச்மேன் வந்தாரு. புள்ளைங்களுக்கு உலர் பொருள், முட்டை கொடுக்க சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் வந்தாங்க. வரிசையில நின்ன ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிர்ல, ஒரு மேசை தூரத்துல. கைகழுவுற எடத்தையும் கழிவறையையும் தேய்ச்ச அக்காங்களுக்கு கிளவுஸ் கணக்கு யாரு பாத்தா? ஆன்லைன் வகுப்பு எடுக்கறவங்களுக்கு வெபினார். இவங்களுக்கு "ஜாக்கிரதையா இரும்மா".

திட்டத்துல போடுங்க மேடம். ஒண்ணு, இவங்கள்ல பாதிப் பேருக்கு ஸ்மார்ட்போன் கெடையாது, இல்லன்னா அது பையன்கிட்ட இருக்கும். பணி மெசேஜ் போனா யாராவது ஒருத்தர் வாயால சொல்லணும், அந்த ஒருத்தர் பேரு எழுதியிருக்கணும். ரெண்டு, கிருமிநாசினி கலக்குற அளவு. கையளவுல ப்ளீச்சிங் போட்டுட்டு நெஞ்செரிச்சல், இருமல் வந்ததும் "நமக்கும் வந்துடுச்சு"ன்னு ராத்திரி முழுக்கத் தூங்காம கெடக்கறது நடக்கும். அளவு ஸ்பூன் ஒண்ணு, பக்கெட்டுல கோடு ஒண்ணு. கதவு ஜன்னல தொறந்து வெச்சுக் கலக்கணும், ஆசிட் கூட சேக்கவே கூடாது. மூணு, சம்பளத் தேதி. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குப் பத்து நாள் தள்ளிப்போனா வட்டிக்காரன் வாசல்ல நிப்பான். அதைவிடப் பெரிய மன அழுத்தம் எதுன்னு எனக்குத் தெரியல.

சாக்பீஸ்

நெத்தியடி. அதே மாதிரி வெளிப்பணி. மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களைத் தெருத் தெருவா கோவிட் வேலைக்கு அனுப்பினப்ப எல்லாரும் தொற்றுப் பயத்தைப் பத்தியே பேசினோம். கழிவறையைப் பத்திப் பேசல. கத்திரி வெயில்ல காலை ஒன்பதிலிருந்து ரெண்டு வரை தெருவுல நிக்கிற பெண் ஆசிரியர் தண்ணியே குடிக்காம இருப்பாங்க, போக இடம் இல்லாததால. மதியத்துக்குத் தலைவலி, எரிச்சல், படபடப்பு. ரெண்டு வாரத்துல சிறுநீர்த் தொற்று. இதை "டென்ஷன்"னு எழுதிடுவாங்க.

பணி ஒதுக்கும்போதே ரூட்ல கழிவறை குறிங்க: பக்கத்து மாநகராட்சிப் பள்ளி, வார்டு ஆபீஸ், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பணும். அடுக்குமாடி வாசல்ல செக்யூரிட்டி விடலன்னா, யாராவது கத்தினா, வாக்குவாதம் வேண்டாம். வீட்டு எண்ணைக் குறிச்சிட்டு நகரலாம்னு எழுத்துல கொடுங்க. "ஏன் முடிக்கல"ன்னு சாயங்காலம் கேள்வி வராதுங்கற உறுதி இருந்தாத்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. வீட்ல வயசானவங்க, கர்ப்பிணி, டயாலிசிஸ் நோயாளி இருக்கறவங்க முன்கூட்டியே சொல்ல ஒரு மூடிய கவர் ஏற்பாடும் வேணும்.

அயனாவரம்_ஏஹெச்எம்

எல்லாம் சரி. ஆறு பேர் லீவில் போனால் வகுப்பை யார் பார்ப்பது? இருக்கிறவர் மனநலம் என்னாவது? தியரி பேசுவது சுலபம்.

பழைய_கிளார்க்

ஏ.ஹெச்.எம். சார் கேட்டது சரியான கேள்வி. கணக்குப் போடுவோம். ஆசிரியர் 38. ஆளுக்கு வாரம் 28 பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பேர் இல்லையென்றால் 168 பீரியட் அநாதை. மீதி 32 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 5 சொச்சம். 28 என்பது 33 ஆகும். வாரத்தில் மொத்தமே 40 பீரியட்தான். நோட்டு திருத்த, மூச்சு விட 7 மிச்சம். ஒரு வாரம் ஓடும். மூன்றாவது வாரம் அந்த 32-இல் நான்கு பேர் படுப்பார்கள். இப்படித்தான் சரிவு தொடங்குகிறது.

பகிர்வதால் தீராது. வேலையைக் குறைத்தால்தான் தீரும். எதை நிறுத்துவது என்று இப்போதே பட்டியல் போட்டு நிர்வாகக் குழுவிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். 3 பேர் இல்லையென்றால் வாரத் தேர்வு, பாடக்குறிப்பேடு சரிபார்ப்பு நிறுத்தம். 6 பேர் என்றால் விளையாட்டு மைதானத்திலோ ஹாலிலோ இரண்டு பிரிவு சேர்த்து வகுப்பு. தொற்று பரவும் காலமாயிருந்தால் சேர்க்காமல் சுழற்சி முறையில் பாதிப் பேர் வருகை. 10 தாண்டினால் பொதுத்தேர்வு வகுப்பு மட்டும், மேலிடத்துக்கு அன்றே கடிதம். நெருக்கடி நாளில் இதை யோசித்தால் எதையும் நிறுத்த எவருக்கும் தைரியம் வராது.

விடுப்பு விஷயம். தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள்; அதைத் தனிமைப்படுத்தலில் கரைத்துவிட்டு டிசம்பரில் தவிப்பதைத் தவிர்க்க, எந்த நாள் எந்த விடுப்பில் சேரும் என்பதைப் பதிவேட்டில் உடனுக்குடன் எழுதுங்கள். மருத்துவச் சான்றில் நோயின் பெயர் கேட்கும் இடம் உண்டு. மனநல மருத்துவர் தந்த சான்று ஆபீஸ் மேசையில் திறந்து கிடந்தால் மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரியும். ஒட்டிய கவரில் ஹெச்.எம். கையில் நேரே, பிரதி பூட்டிய அலமாரியில். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. "டாக்டரிடம் விசாரித்தேன்" என்று நிர்வாகி கிளம்ப இடமில்லை.

ஊழியர் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியதையும் சேருங்கள். குரூப்பில் போடும் முன் நெருங்கிய நான்கைந்து பேருக்குப் போனில் சொல்லுங்கள். அவர் பீரியடை மறுநாளே வேறு பெயரில் அச்சிட்டு ஒட்டாதீர்கள். ஒரு வாரம் கையால் எழுதிய மாற்று அட்டவணை ஓடட்டும். மேசை டிராயரைக் குடும்பத்தார் வரும்வரை பூட்டி வையுங்கள். காகித வேலைக்கு ஒரே ஒரு ஆளை நியமியுங்கள்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம் அல்லது 1.4.2003 முதல் சேர்ந்தவரென்றால் அவருக்குப் பொருந்தும் ஓய்வூதியத் திட்டக் கணக்கு, கருணை வேலைக்கு மனு. கருணை வேலை மனுவுக்கு 3 ஆண்டு கெடு. துக்கத்தில் இருக்கும் குடும்பம் அதைத் தவறவிட்டுவிட்டால், அந்தக் குற்றவுணர்ச்சி ஸ்டாஃப் ரூமில் வருஷக் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அயனாவரம்_ஏஹெச்எம்

நிறுத்தும் பட்டியல் நல்ல யோசனை. எடுத்துக்கொள்கிறேன்.

மனநலச் செவிலி

யாரும் தொடாத இரண்டு விஷயம்.

மது. 2020 மார்ச்சில் டாஸ்மாக் மூடியது. சென்னையில் மறுபடி திறக்க ஆகஸ்ட் 18 ஆனது. தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு. அதற்கடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாதது தெரிவது. இது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, உயிருக்கு ஆபத்தான நிலை. "நல்லதாப் போச்சு, நிறுத்திட்டாரு" என்று சந்தோஷப்படாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

தூக்க மாத்திரை. அல்பிரசோலம் மருந்துச் சீட்டு இல்லாமல் தரக்கூடாத எச்1 பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் "பாதி போட்டுக்கங்க டீச்சர்" என்று கை மாறும். சில வாரத்தில் பழகிவிடும். திடீரென விட்டால் பழைய படபடப்பு இரட்டிப்பாக வரும். போட்டுக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேறு. அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் கூடவும் ஆகும். ஐந்தாம் நாள் "ஒண்ணும் தெரியல" என்று தூக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தூக்கத்துக்கு மாத்திரையில்லாத வழி: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது. இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது. போன் ஹாலில்.

ஓ.பி.சீட்டு

சின்னச் சேர்க்கை. தொற்று கண்ட மூன்று மாதத்துக்குள் தொடங்கி, இரண்டு மாதமாவது நீடிக்கும் களைப்பு, மறதி என்றால் கோவிட்டுக்குப் பிந்தைய நிலையாக இருக்கலாம். அவரை "மனசைத் திடப்படுத்திக்கங்க" என்று மூன்றாம் மாடிக்கு அனுப்பினால் மறுநாள் இன்னும் மோசமாவார். தரைத்தள வகுப்பு, தொடர்ந்து இரண்டு பீரியடுக்கு மேல் வேண்டாம். மாஸ்க்கோடு கத்திக் கத்தித் தொண்டை போவதற்கு இடுப்பில் கட்டும் சிறு மைக் போதும்.

தண்டையார்பேட்டை_ஹெச்எம்

யோகா விருப்பமுள்ளவருக்கு மட்டும், பள்ளி நேரத்துக்குள். மற்றதெல்லாம் திட்டத்தில் ஏறியாகிவிட்டது. ஊழியருக்கான அறிவிப்பு இப்படி:

"பணிச் செய்தி காலை 8.30, மாலை 4.30 மட்டும். இத்துடன் உள்ள தாள் உங்களுக்கானது. திருப்பித் தர வேண்டாம். தூக்கம், பயம், துக்கம், குடி எதுவானாலும் 14416-க்கு எந்நேரமும் பேசலாம். விடுப்புச் சான்றை ஒட்டிய கவரில் என்னிடம் நேரில் தரவும். மேற்படி விவரம் யாருக்கும் தெரிவிக்கப்படமாட்டாது."

பழைய_கிளார்க்

"கட்டாயம்" போனது நல்லது. "மேற்படி"யையும் எடுத்துவிடுங்கள். மெமோ வாசனை அடிக்கிறது. "நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து.

குழம்புக்கரண்டி

14416 மட்டும் தனியா ஒரு தாள்ல, பெரிய எழுத்துல. ஒண்ணு வாட்ச்மேன் ரூமுக்கு, ஒண்ணு எங்க சமையல்கட்டு கதவுக்கு. லேமினேட் பண்ணிக் கொடுங்க மேடம், ஆவி பட்டா ரெண்டே நாள்ல சுருண்டுக்கும்.